அடுத்த முறை கேட்க வேண்டியது

இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் பார்த்துத் தந்த தமிழாசிரியர், மறைந்தவரை 'அவர்' என்றே எழுத வேண்டும், அதுதான் முறை என்றார். முறை எனக்கும் தெரியும். ஆனால் என் தோளில் ஏறி அம்மன் தேர் பார்த்தவளை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. எழுதினாலும், "என்ன அண்ணே, திடீர்னு மரியாதையெல்லாம் பலமா இருக்கு?" என்றுதான் கேட்டிருப்பாள். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும். இது என் தங்கச்சியைப் பற்றியது. தங்கச்சி என்றே எழுதுகிறேன்.

மாத்தளைக்கு மேலே உள்ள தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில், எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அவள் பிறந்தாள். அவள் நடக்கத் தொடங்கிய காலத்தில் அப்பாவுக்கு நகரத்துப் பலசரக்குக் கடையொன்றில் வேலை கிடைத்தது. குடும்பம் கீழே இறங்கி வந்தது. ஓர் அறையும் குசினியும் கொண்ட வாடகை வீடு. நான் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான உயர்தரம் எழுதி முடித்த வருடம் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நான் வாகன உதிரிப்பாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அன்றிலிருந்து வீட்டில் என் சொல்தான் சொல். அந்த அதிகாரம் எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

தங்கச்சிக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. சந்தைக்கு அனுப்பினால் கத்தரிக்காயோடு, கத்தரிக்காய் விற்ற அம்மாவின் மருமகள் சண்டையையும் கூட்டிக்கொண்டு வருவாள். சிங்களம், தமிழ் என்று பார்க்க மாட்டாள். யாரிடம் எது ஓடுமோ அதில் பேசுவாள். வெறும் வம்பென்று நான் நினைத்திருந்தேன். வர்த்தகப் பிரிவில் படிக்கத் தொடங்கிய பிறகு அவள் ஒரு குறிப்புக் கொப்பி வைத்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் கண்டிக்குக் கணினி வகுப்புக்குப் போனாள். காலை ரயிலில் வங்கி, காப்புறுதி, லீசிங் கம்பெனி என்று வேலைக்குப் போகிறவர்கள்தான் நிறைய. ஒரு வாரத்தில் ஒரு பெட்டி முழுவதும் அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. எனக்கோ கோபம் தலைக்கேறியது.

"பொம்பளப் புள்ள ரயில்ல கண்டவங்ககிட்டயெல்லாம் என்ன பேச்சு?"

"கண்டவங்க இல்ல அண்ணே. கடன் பிரிவுல இருக்கிறவங்க, கணக்காய்வுல இருக்கிறவங்க. வேல தேடுற அன்னைக்குப் போய் நின்னா கெஞ்சுறதாத் தெரியும். இப்பவே பழகினா அது வெறும் பழக்கம்தான்."

"பெரிய மந்திரி இவ!" என்றேன்.

முடிவு வந்தது. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும் இஸட் புள்ளி நன்றாகவே இருந்தது. மாத்தளை மாவட்டத்து வெட்டுப்புள்ளியைப் பார்த்தால் பக்கத்துக் கெம்பஸும் கிடைக்கும், கொழும்பும் கிடைக்கும். விண்ணப்பப் படிவத்தில் எதை முதலாவதாகப் போடுவது என்பதுதான் சண்டை. அவளுக்கு நிதித்துறை வேண்டும். அதற்குக் கொழும்பு வேண்டும். எனக்கு அவள் காலையில் ரயிலேறி மாலையில் வீடு திரும்ப வேண்டும்.

"படிப்பு எல்லா இடத்துலயும் படிப்புதான் அண்ணே. பயிற்சிக்கு எந்தக் கம்பெனிக்குப் போறோங்கிறதுலதான் இருக்கு விஷயம். அங்க இருந்தா பஸ் ஏறிப் போய் ஆளப் பாத்துட்டு வந்துருவேன். இங்க இருந்துக்கிட்டு எப்படி?"

"தங்குறது எங்க? யாரு பாத்துப்பா? பேசாம இரு" என்று முடித்துவிட்டேன். படிவம் அனுப்ப இரண்டு வாரம் இருந்தது. அவள் சாப்பாட்டில் கோபத்தைக் காட்டினாள், நான் கண்டுகொள்ளவில்லை.

அந்த நேரத்தில்தான் அடுத்த வீட்டு மாமி ஒரு செய்தி கொண்டுவந்தார். ஸ்டேசனில் பெரிய மனிதர் ஒருவர் தங்கச்சியிடம் நீளமான மண்ணிறக் கவர் ஒன்றைக் கொடுத்தாராம்; அவள் இரு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாளாம். எங்கள் சனத்துக்கு நீள மண்ணிறக் கவர் என்றால் அது ஜாதகம்தான். அம்மா கோபப்படுவார் என்று பார்த்தால் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"நல்ல எடமாத்தான் இருக்கும். நாமளே முறையாப் போய்க் கேட்டுருவோம்."

எனக்கும் உள்ளூர நிம்மதி. கலியாணப் பேச்சு வந்துவிட்டால் கொழும்புப் பேச்சு அடங்கிவிடும். தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வெட்கப்படுவாள் என்றார் அம்மா. வெட்கமாம், அவளுக்கு!

ஸ்டேசன் ஆட்டோக்காரர்களிடம் விசாரித்ததில் கவர் கொடுத்தவர் பல்லேபொல ஊர்க்காரர், கண்டியில் கணக்காளர் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தாம்பாளத்தில் வெற்றிலை, தேங்காய், வாழைப்பழம், கற்கண்டு வைத்து, கலியாண வீடுகளுக்கென்று வைத்திருந்த சட்டையை நான் போட்டுக்கொண்டு, அம்மாவோடு ஆட்டோவில் போய் இறங்கினேன். முற்றத்துப் பாயில் கராம்பு காய்ந்துகொண்டிருந்தது. கணக்காளர் ஐயா சாரம் கட்டியபடி வந்து வரவேற்றார். அவருடைய மனைவி தேநீர் தந்தார். அம்மா தாம்பாளத்தை நடுவில் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீங்க ஜாதகம் குடுத்து அனுப்பினதுல எங்களுக்கு ரொம்பச் சந்தோசம்ங்க. பையன் வீட்டுல இருக்காருங்களா?"

"எந்தப் பையன்?" என்றார் ஐயா.

"எங்களுக்கு ஒரே மகதானுங்களே. அவளும் கலியாணம் முடிச்சுக் கொழும்புப் பக்கம் தெஹிவளையில இருக்கா" என்றார் அவர் மனைவி.

அம்மா தாம்பாளத்தை ஐயா பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். பிறகு ஐயாவுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ அம்மா, அது ஜாதகம் இல்ல! கம்பெனி ஆண்டறிக்கைங்க. உங்க மக கேட்டு வாங்கினது. எது லாபம், எது வெறும் கலர்ப்படம்னு பாக்கப் பழகிக்கிட்டிருக்கா. நல்ல மூளைங்க."

எனக்கு மானம் கப்பலேறிவிட்டது. அம்மா தாம்பாளத்தைத் தூக்கக் கை நீட்டினார். அந்த அம்மையார் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வச்ச தட்டத் திருப்பி எடுக்கக்கூடாதுங்க. நம்ம முறையில்ல."

"எந்தக் கெம்பஸ் போடுறா?" என்று ஐயா என்னைக் கேட்டார். பக்கத்துக் கெம்பஸ் என்றேன்.

"அது அவ சொன்னதா, நீங்க சொன்னதா தம்பி?"

நான் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தேன். அம்மாதான் பதில் சொன்னார். "கொழும்புக்குத்தான் போகணும்ங்கிறா. தங்குறதுக்கு எடமில்லாமதான் யோசிக்கிறோம்."

அந்த அம்மையார் எழுந்து உள்ளே போனார். வரும்போது வாழைப்பழம் இருந்த இடத்தில் ஒரு பை கராம்பும் ஒரு பை மிளகும் வைத்து, மேலே ஒரு துண்டுத்தாளையும் வைத்துத் தாம்பாளத்தை அம்மாவிடம் நீட்டினார். தாளில் தெஹிவளை முகவரி. "மக வீட்டு மேல் அறை சும்மாதான் கெடக்கு. நீங்க பொண்ணுக்காகத்தானே தட்டு கொண்டாந்தீங்க? நாங்க வாங்கிக்கிட்டோம். அனுப்பி வைங்க."

வீட்டு வாசலில் தங்கச்சி நின்றிருந்தாள். என் கலியாணச் சட்டையையும் தாம்பாளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா விஷயத்தைச் சொல்லச் சொல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தே விட்டாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, "இப்ப என்ன அண்ணே சொல்றீங்க?" என்றாள்.

"படிவத்த எடு" என்றேன்.

அவளை ரயிலேற்றிவிட்ட அன்று மேடையில் நின்று சின்னப்பிள்ளை போல அழுதேன். அதைக் கடைசிவரை சொல்லிக் காட்டினாள். எந்த விசேஷத்துக்குப் போனாலும், "எங்க அண்ணன் அழுது பாத்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

நான்கு வருடத்தில் நிதித்துறையில் சிறப்புப் பட்டம் பெற்றாள். பயிற்சிக்குப் போன முதலீட்டு நிறுவனத்திலேயே வேலையும் கிடைத்தது. அங்கே அவளை நேர்முகத்துக்கு அழைத்தவர், காலை ரயிலில் அவள் தினமும் பேசிய ஒருவருடைய பழைய மேலதிகாரி. கலியாணம் மட்டும் கூடிவரவில்லை. நான் பேச்செடுத்தால், "நீங்க ஒருதடவ மாப்பிள கேட்டுப் போனது போதும் அண்ணே" என்பாள். உயர்தர முடிவு வரும் காலத்தில், எந்தக் கெம்பஸ் போடலாம் என்று கேட்பவர்களால் அவளுடைய தொலைபேசி ஓயாது. வில்கமுவவிலிருந்து ஒரு தகப்பன் மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்து, மகளின் இஸட் புள்ளியை எழுதிய தாளை எங்கள் வீட்டில் அவளிடம் நீட்டியது நினைவிருக்கிறது. அந்த மகளிடம் தங்கச்சி முதலில் கேட்டது, "உனக்கு எங்க போக ஆசை?" என்பதைத்தான்.

முப்பத்தைந்தாவது வயதில் இரத்தப் புற்றுநோய் என்றார்கள். கொழும்பு ஆஸ்பத்திரியில் பதினொரு மாதம் போராடினாள். வலியிலும் தாதியின் மகனுக்கு எந்தப் பாடத்தெரிவு நல்லது என்று பேசிக்கொண்டிருந்தாள். போன வருடம் எங்களை விட்டுப் போனாள். பெற்றவர்கள் இருவரும் முன்பே போய்விட்டார்கள். இதைப் பார்க்காமல் போனதே நல்லது.

இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற அவளுடைய அலுவலக நண்பர்களுக்கும், அந்தப் பதினொரு மாதமும் எனக்குச் சோறும் படுக்கையும் தந்த தெஹிவளை வீட்டாருக்கும், தள்ளாத வயதில் பல்லேபொலவிலிருந்து வந்து கொள்ளி வைக்கும்வரை என் கையை விடாதிருந்த கணக்காளர் ஐயாவுக்கும் எந்த வார்த்தையால் நன்றி சொல்வது? அவள் பழகிச் சேர்த்த மனிதர்கள் எல்லோரும் கடைசியில் எனக்காக நின்றீர்கள். உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

இந்த மலருக்குப் பெயர்கள் சேர்க்க அவளுடைய கொப்பியை எடுத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒருவர். பெயர், என்ன பேசினோம், கடைசி வரியில் 'அடுத்த முறை கேட்க வேண்டியது'. மகளின் புலமைப்பரிசில் முடிவு, மனைவியின் முழங்கால் வலி, இப்படி. கேட்டு முடித்ததற்கெல்லாம் சிவப்பு மையில் ஒரு சரி.

நடுவில் ஒரு பக்கத்தில் 'அண்ணே' என்று இருந்தது. நாங்கள் சண்டை போட்ட அந்த இரண்டு வாரத்தில் எழுதியது. 'கொழும்பு வேண்டாம்ங்கிறாங்க. தங்குற எடம் மட்டும் காரணமில்ல. அடுத்த முறை கேட்க வேண்டியது: உங்க ரிசல்ட் வந்தப்போ நீங்க எங்க போக ஆசப்பட்டீங்க?'

அதற்கு மட்டும் சரி போடப்படவில்லை. கேட்டால் நான் உடைந்துபோவேன் என்று நினைத்திருப்பாள். என் முடிவு வந்தபோது என்னிடமும் ஒரு கெம்பஸ் படிவம் இருந்தது. அப்பாவின் மருந்துச்சீட்டுகளோடு வைத்திருந்தேன், நிரப்பவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன், தங்கச்சி. கொழும்புக்குத்தான். நீ ரயிலேறிய அன்று மேடையில் நான் அழுதது உன்னைப் பிரிந்ததற்காக மட்டும் இல்லை.

அண்ணன்