மறுபடி என்றொரு ஃபங்ஷன்

காக்கநாட்டு அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரங்களில், நானும் அவனும் ஒரு லைப்ரரி எழுதிக்கொண்டிருந்தோம். எந்த நிரலும் இணையத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்க உதவும் நிரல் தொகுப்பு. யாரும் எங்களை எழுதச் சொல்லவில்லை. ஃபங்ஷன்களை மட்டுமே கோத்து எழுதும் ஒரு மொழியின்மேல் இருவருக்கும் பித்துப் பிடித்திருந்தது. அதில் ஒரே கேள்விக்கு என்றைக்கும் ஒரே பதில்தான். ஆனால் வெளியே, கம்பிக்கு அந்தப் பக்கம் கேட்டால், என்ன வருமென்று சொல்ல முடியாது, வராமலும் போகலாம். அந்த இடத்தை எழுதும்போதெல்லாம் எனக்கு மிதப்பது போலிருக்கும்.

அவன் கலூர்க்காரன், மலையாளி. நான் மட்டாஞ்சேரித் தமிழ் வீட்டுப் பெண். மாலையில் எர்ணாகுளம் படகுத்துறைவரை கூட வருவான். ஒரு மழை நாளில், படகு புறப்படும் நேரம் பார்த்து, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டான். காயல் முழுக்க விளக்கு வெளிச்சம் கலங்கிக் கிடந்தது. வாய் குழறி எனக்கு வீட்டுத் தமிழ்தான் வந்தது.

"மறுபடி கேளு."

அதை இன்னொரு தடவை காதால் கேட்கவேண்டும் என்ற ஆசை. அவன் கேட்கவில்லை. தலையைச் சாய்த்து என்னையே பார்த்தபடி நின்றான். படகு நகர்ந்துவிட்டது.

அதன்பின் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சரியான அழுத்தக்காரன், கேட்டதற்கே வருந்துகிறான் போலிருக்கிறது என்று படகில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவேன். மழைக்காலமும் முடிந்துவிட்டது.

நிரலில் எங்கள் வாயில் வரும் சொற்களையே பெயராக வைப்போம். இணைப்பு அறுந்தால் திரும்பக் கேட்கும் ஃபங்ஷனுக்கு நான் 'மறுபடி' என்று வைத்திருந்தேன். ஒரு மதியம் ஓட்டிப் பார்த்தோம். பக்கம் வந்தது. வந்ததும் நிரல் அதையே திரும்பக் கேட்டது. அதுவும் வந்தது, திரும்பவும் கேட்டது. நிற்கிற வழியாக இல்லை.

"பதில் வாங்குற எடத்துல என்னோட மறுபடியைக் கொண்டுபோய் வெச்சது யாரு?" என்றேன்.

"ஞான்தான். மறுபடின்னா பதில் அல்லே?"

எனக்கும் தெரிந்த மலையாளம்தான். வீட்டுக்குள் மறுபடி என்றால் இன்னொரு தடவை, வாசலைத் தாண்டினால் அது பதில். இரண்டையும் நான் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

"அன்னிக்குப் படகுத்துறையில..." என்று இழுத்தேன்.

"பதிலைக் கேட்டுக்கோன்னு பறஞ்ஞிட்டு நீ படகுல கேறிப் போயி," என்றான். "ஞான் இப்பவும் காத்து நிக்கிறேன்."

திரையில் நிரல் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் இருவர் மொழியிலும் ஒரே பொருள் தரும் ஒரு சொல்லைத் தேடினேன்.

"சம்மதம்," என்றேன்.