சவரிமுத்து அண்ணனுக்கு ஒரு பேஸ் பெட்டி

சப் வூஃபர் கட்டி விற்கிறவனைச் சத்தம் கூடினால் அயலவர் ஏசுவார்கள், குறைந்தால் வாங்கினவர் ஏசுவார், இரண்டும் சரியாக இருக்கிற நாளில் மனைவி ஏசுவாள்.

நீங்களும் ஒரு ரேடியோவையாவது கழற்றித் திரும்பப் பூட்டி, மிச்சம் வந்த இரண்டு திருகாணியை யாருக்கும் தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டவர் என்றால் நமக்குள் அறிமுகம் தேவையில்லை. புத்தளம் தில்லையடியில் எனக்கு ஒரு சின்னக் கடை. முன்பக்கம் டீவி, ஃபேன் திருத்துவேன். பின்பக்கம் பலகையும் ஸ்பீக்கரும் வாங்கிப் போட்டுச் சொந்தமாகப் பேஸ் பெட்டி, அதாவது தாளத்தின் கனத்த அடியை அதிர வைக்கிற சப் வூஃபர், கட்டுவேன். முன்பக்கம் சோற்றுக்கு, பின்பக்கம் ஆசைக்கு. நாட்டில் சண்டை முடிந்து பாதைகள் திறந்த பிறகு ஆட்டோக்காரர் முதல் கலியாண வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் நெஞ்சு அதிர வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அந்த ஆசையில் நானும் எத்தனையோ பெட்டி கட்டிவிட்டேன். அதில் ஒரே ஒரு பெட்டி பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கையால் கேட்டவர்

ஒரு நாள் காலை ஆட்டோ ஒன்றுக்குக் கட்டிய பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கடைக்குள் வந்த ஒருவர் ஒன்றும் கேட்காமல் பெட்டியின் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. முகம் மட்டும் மெல்ல மெல்ல மலர்ந்துகொண்டே போனது. அவர்தான் சவரிமுத்து அண்ணன், கல்பிட்டிக்கு அப்பால் உச்சமுனைத் தீவுக்காரர். கடலட்டை எடுக்கச் சுழியோடிச் சுழியோடி இரண்டு காதும் போய்விட்டன. அவர் நன்றாகப் பேசுவார். நாம் பேசுவதை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். பிடிபடாததை அவர் மனைவி மரியம்மா கையால் சொல்லிக்கொடுப்பார்.

காது கேளாதவருக்கு எதற்குப் பெட்டி என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். மூத்த மகளின் கலியாணத்தில் பைலாப் பாட்டுக்கு ஆடியிருக்கிறார். பக்கத்தில் ஆடுகிறவர்களின் காலைப் பார்த்து ஆடுவதுதான் அவர் வழக்கம். அன்று சந்தோசம் மேலிட்டுக் கண்ணை மூடிவிட்டார். பாட்டு முடிந்து எல்லோரும் போய்க் கதிரையில் இருந்த பிறகும் பந்தலின் நடுவில் தனியாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணைத் திறந்தால் ஊரே சிரிக்கிறது. அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டிலும் ஆடியதில்லை. இப்போது சின்ன மகள் ரொசலினுக்கு அடுத்த மாதம் கலியாணம். அப்பா ஆடாவிட்டால் தானும் ஆடமாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நிற்கிறாள். நல்ல பேஸ் என்றால் தாளம் உள்ளங்காலால் ஏறும், பயப்படாதீர்கள் என்று சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பெரிய கையால் என் தோளைப் பிடித்து, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில் 'நானா' என்று கூப்பிட்டுச் சொன்னார்: "தொடங்கினது தெரியாட்டியும் பரவாயில்ல நானா. நிண்டது எனக்குத் தெரியணும்."

தண்ணீரில் இறங்கிய பெட்டி

மரப்பெட்டியையும் நானே கட்டுகிறேன் என்றேன். அதற்கு மரியம்மாவின் தம்பி நிக்கலஸ் பாஸ் சம்மதிக்கவில்லை. அவர் கல்பிட்டியில் ஃபைபர் படகு கட்டுகிற தொழிலாளி, அதனால்தான் பெயரோடு பாஸ். அக்கா வீட்டுக் கலியாணத்துக்குப் பெட்டியை வேறொருவன் கட்டுவதா என்று ரோசம். சரி, பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கருக்கு இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம், பின்னால் இவ்வளவு சதுரம் வெட்ட வேண்டும் என்று தாளில் கீறிக் கொடுத்தேன். போகும்போது ஒரு வார்த்தை மட்டும் கூடுதலாகச் சொல்லிவிட்டேன்: எந்த மூலையிலும் காற்றுப் புகக் கூடாது, புகுந்தால் எல்லாம் வீண்.

ஒரு கிழமை கழித்துப் பார்க்கப் போனால் பட்டறையில் பெட்டியைக் காணவில்லை. களப்பில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நிக்கலஸ் பாஸ் அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருக்கிறார். வெட்டச் சொன்ன ஓட்டைகளையெல்லாம் தற்காலிகமாக அடைத்து, உள்ளும் புறமும் ஃபைபர் பூசி, எங்கேயாவது குமிழி வருகிறதா என்று பார்க்கிறார். அது மட்டுமா, படகுக்கு வைப்பதுபோல அடியில் ஒரு அடைப்பானும் வைத்திருந்தார், உள்ளே தண்ணீர் வந்தால் திறந்து விடுவதற்கு. நான் கரையில் நின்று தலையில் கைவைத்ததைப் பார்த்து, வேலை பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்து உறுதி சொன்னார்: "ஒரு சொட்டும் உள்ள போகல்ல நானா. நாலு பேர் ஏறினாலும் தாழாது."

ஆயிரம் வாட்ஸ்

பெட்டி ஆயிற்று. இனி அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். பிளேட் அம்ப் என்று ஒன்று இருக்கிறது. அம்பிளிஃபயர் முழுவதையும் ஒரு இரும்புத் தகட்டின் பின்னால் கட்டி வைத்திருப்பார்கள். பெட்டியின் முதுகில் வெட்டிய சதுரத்துக்குள் இறக்கித் திருகிவிட்டால் பெட்டியும் அம்ப்பும் ஒன்றாகிவிடும். தீவுக்குப் படகில் கொண்டுபோக அதுதான் வசதி, உப்புக்காற்றும் உள்ளே போகாது. கொழும்புக்குப் பஸ் ஏறிப்போய் ஒன்று வாங்கி வந்தேன். வெளியே ஆயிரம் வாட்ஸ் என்று பொன்னெழுத்து. வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் உள்ளே இருந்த ட்ரான்ஸ்ஃபோமர் பேக்கரியில் மீன் வைத்துச் சுடுகிற ஒரு மாலு பணிஸ் அளவுதான். இருபது வருசம் தொழில் செய்தவன் பொன்னெழுத்தில் மயங்கினேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சவரிமுத்து அண்ணன் சோதனைக்கு வந்தார். பாட்டு ஓடினால் கையைத் தூக்க வேண்டும், நின்றால் இறக்க வேண்டும் என்று ஏற்பாடு. பெட்டியின் மேல் ஏறி இருந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் இன்னும் பாட்டே போடவில்லை, கரண்ட் மட்டும்தான் கொடுத்தேன். அவர் கையைத் தூக்கிவிட்டார். காலும் ஆடத் தொடங்கிற்று. குனிந்து காதை வைத்தேன். 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். காது உள்ளவர்கள் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள், பாட்டுக்குள் மறைந்துவிடும். இவருக்கோ பாட்டு நின்றாலும் இரைச்சல் நிற்காது. மூத்த மகள் கலியாணத்தில் பட்ட அதே வெட்கத்தை என் கையாலேயே கொடுக்கப் பார்த்தேனே. அவர் கண்ணைத் திறக்காமலே தன் அபிப்பிராயத்தைச் சொன்னார்: "நல்ல பாட்டுத்தான். கொஞ்சம் ஒரே மாதிரிப் போகுது."

தூங்குகிற தகடு

அந்த அம்ப்பைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறொரு கடையில் இரைச்சலே இல்லாத ஒன்றை வாங்கினேன். இது புத்திசாலி. பாட்டு இல்லாவிட்டால் தானாகத் தூங்கிவிடும், பாட்டு வந்தால் தானாக விழிக்கும். வீட்டில் வைத்துச் சோதித்தேன். பாட்டு ஓடும்போது கோளாறே இல்லை. ஆனால் இரண்டு பாட்டுக்கு நடுவில் தூங்கிவிட்டால், அடுத்த பாட்டின் முதல் நாலு தட்டும் போன பிறகுதான் எழும்புகிறது. அதையாவது பொறுக்கலாம், அவர்தான் தொடங்கினது தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றாரே. தூங்கப் போகும்போது ஒரு 'டொப்' என்று உதைத்துவிட்டுத் தூங்குகிறது. பாட்டு முடிந்து எல்லோரும் நின்ற பிறகு அந்த ஒரு உதைக்கு அண்ணன் காலைத் தூக்கினால் என்ன ஆவது?

இதைத் திறந்து மாற்றலாமா, திருப்பிக் கொடுக்கலாமா என்று தெரியாமல் அதன் முன்னால் சப்பணம் கட்டி இருந்தேன். என் மனைவி பரீதா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். அது தூங்குவதையும் எழும்புவதையும் இரண்டு தரம் நின்று பார்த்தாள். பிறகு வாசலில் நின்று திரும்பிச் சொல்லிவிட்டுப் போனாள்: "இது ஒங்களப் போலதான். கூப்பிட்டா எழும்பும், கூப்பிட்ட வேல முடிஞ்ச பொறகு."

உப்பு சொன்ன தீர்ப்பு

அதையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மூன்றாவது அம்ப் கிடைத்தது. கல்பிட்டிப் பக்கம் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர் தங்கும் விடுதி ஒன்றில் களஞ்சிய அறையில் கிடந்தது. குமிழ்களில் எழுத்தெல்லாம் அழிந்து, உள்ளே மூன்று பல்லி முட்டையும் இருந்தது. தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிளேட் அம்ப் வாங்கப் போகிற அன்பர்களே, எழுத்தை வாசிக்காதீர்கள், தூக்கிப் பாருங்கள். எழுத்து பொய் சொன்னாலும் பாரம் பொய் சொல்லாது.

ஆனால் இரண்டு தரம் சூடு கண்ட பூனை நான். காதை நம்பாமல் பெட்டியின் மேல் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்து அதில் உப்பைத் தூவினேன். புத்தளத்தில் உப்புக்குப் பஞ்சமா? கரண்ட் கொடுத்தேன், உப்பு அசையவில்லை. பாட்டுப் போட்டேன், உப்பு எழும்பி ஆடியது. நிறுத்தினேன், ஒரு கணம் இன்னும் நடுங்கிவிட்டுத்தான் அடங்கியது. அம்ப்பில் பிழையில்லை, பெட்டிதான் வெறும் வயிறாக இருந்து முழங்குகிறது. உள்ளே பஞ்சு அடைக்க வேண்டும். கடைக்குப் போக நேரமில்லை, பரீதாவோ உம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கட்டிலில் இரண்டு இலவம்பஞ்சுத் தலையணை இருந்தன. அதற்கு மேல் நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். பிறகு பாட்டை நிறுத்தினால் உப்பும் அந்த இடத்திலேயே நின்றது. நான் கைதட்டிய சத்தத்துக்கு, உப்பளத்தில் வேலை செய்கிற பக்கத்து வீட்டு மஜீத் நானா மதிலால் எட்டிப் பார்த்தார். பாட்டை மறுபடி போட்டு உப்பு ஆடுவதைக் காட்டினேன், அவர் சொன்னார்: "முப்பது வருசமா உப்பு வாரி எடுக்குறன். அது இவ்வளவு சந்தோசமா இருந்து இண்டைக்குத்தான் கண்டன்."

உச்சமுனையில்

கலியாணத்தன்று காலையில் பெட்டியும் நானும் படகில் போனோம். சண்டைக் காலமென்றால் குண்டு என்று பிடித்துவிடுவார்கள், வயர் தொங்குகிற இப்படி ஒரு பெட்டியோடு படகில் ஏறுவதைக் கனவிலும் நினைக்க முடியாது. பந்தலில் நிக்கலஸ் பாஸ் படகுப் பலகையால் தரை போட்டிருந்தார். பெட்டியை அதன் ஓரத்தில் வைத்தேன். தீவில் ஜெனரேட்டர்தான் கரண்ட். சவரிமுத்து அண்ணன் கோயிலுக்கு உடுத்த வெள்ளைச் சட்டையோடு வெறுங்காலில் பலகையில் ஏறிக் கண்ணை மூடினார். நான் அம்ப்பைப் போடவே இல்லை. அவர் கையைத் தூக்கினார்.

பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. வயரைக் கழற்றினேன், கை இறங்கவில்லை. பெட்டியையே தூக்கிக் கீழே வைத்தேன், அப்போதும் இறங்கவில்லை. நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் நின்று பார்த்தேன். பந்தலுக்குப் பின்னால் ஓடுகிற ஜெனரேட்டர் என் உள்ளங்காலில் துடித்தது. காது கேட்கிற நான் ஒரு மாதமாகச் சோதித்தும் நினைக்காத ஒன்றை அவர் ஒரு நொடியில் காட்டிக்கொடுத்துவிட்டார். நாலு பேர் பிடித்து ஜெனரேட்டரைக் கரையோரம் கொண்டுபோய், பழைய வலைகளைக் குவித்து அதன்மேல் ஏற்றினோம். கை இறங்கியது.

தேவாலயத்தில் பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, பின்னேரம் பைலா தொடங்கியது. ரொசலின் வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் முதலில் அவள் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடினார். ஒரு தாளமும் தப்பவில்லை. முதல் பாட்டு நின்றது, அவரும் நின்றார். இரண்டாவது நின்றது, நின்றார். அதற்குப் பிறகு சனம் முழுக்கப் பலகையில் ஏறி, இடம் போதாமல் மணலிலும் இறங்கிவிட்டது. எல்லோரும் சேர்ந்து பாட்டுப் படித்து, கைதட்டி, மணல் பறக்க ஆடினார்கள். மரியம்மா அழுதுகொண்டே ஆடினார். நான் ஒரு மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மணல் என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்.

அந்த ஆட்டத்துக்கு நடுவில் ஜெனரேட்டரில் எண்ணெய் முடிந்தது. ஸ்பீக்கரெல்லாம் அணைந்துவிட்டன. கூட்டம் தன் சத்தத்திலேயே பாட்டைப் படித்துக்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் அது தெரியவில்லை, உள்ளதைச் சொன்னால் எனக்கும் தெரியவில்லை. பந்தலின் நடுவில் ஒரே ஒரு மனிதர் மட்டும் சட்டென்று நின்றார். கண்ணைத் திறந்து, ஆடிக்கொண்டிருக்கிற ஊரைச் சுற்றிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக, இரண்டு கையையும் தூக்கி எல்லோரையும் அடக்கிவிட்டுச் சொன்னார்: "பாட்டு நிண்டு எவ்வளவு நேரம். ஒருத்தருக்கும் கேக்கல்லயா?"

காது கேளாத ஒருவர் என் பெட்டி நல்ல பெட்டி என்று தீவு முழுக்கச் சொல்லிவிட்டதால் தொழிலில் எனக்கு இப்போது நல்ல பெயர், வீட்டில் படுக்கத்தான் இன்னும் தலையணை இல்லை.