உட்கார வைத்து அளவெடுத்த சட்டை

ஜப்பான்காரன் காலத்தில் நான் தைத்த இரண்டு மோட்டார் சைக்கிள் சட்டைகளை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது. ஒன்று ஒல்லியான நெட்டை ஆளுக்கு. மற்றது குட்டையான பருத்த ஆளுக்கு. இரண்டுக்கும் சேர்த்து என்னிடம் இருந்தது ஒரே ஒரு கித்தான் துணி.

நெட்டை ஆள் என் கணவர். ஆஸ்பத்திரியில் டிரெசர், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் மருந்து கொடுப்பதும் அவர் வேலை. பருத்தவர் அவருடைய கூட்டாளி, ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஆம்புலன்ஸ் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் ஆளுக்கொரு பழைய மோட்டார் சைக்கிளில் குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு மலேரியா மருந்தான கொய்னா கொண்டுபோகும் வேலை இருவருக்கும் வந்தது. பெட்ரோல் ஏது? ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில்தான் வண்டி ஓடியது. காஜா பெராங்கில் எங்கள் வீட்டுச் சந்துக்குள் என் கணவர் நுழையும் முன்பே புகை நாற்றம் வந்து சேரும்.

முதல் வாரமே அவர் விழுந்தார். செம்மண் சரளை முழங்கையைச் சீவிவிட்டது. வெறும் சிராய்ப்புதான். ஆனால் மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்த உடம்பில் எந்தச் சிராய்ப்பும் லேசில் ஆறாது. சின்னக் கீறல் குழிப்புண்ணாகி எலும்பு தெரிந்த கால்களை அவரே தினமும் பார்த்தவர். முழங்கை ஆற ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுக்க, குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் என் கண் அந்தக் கட்டின் மேல்தான் இருந்தது. திங்கட்கிழமை அவர் மறுபடி கிளம்ப வேண்டும். இன்னொரு தடவை அந்தத் தோல் கிழியக் கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கில்லை.

ஆஸ்பத்திரி அலமாரியில் யாரோ ஒரு துரை விட்டுப்போன தோல் கோட்டு கிடந்தது. கணவர் அதைப் போட்டுக்கொண்டு கிளேபாங் வரைக்கும் போய் வந்தார். திரும்பியபோது முகம் வெளுத்து, உடம்பெல்லாம் வேர்வையில் ஊறி, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட்டாளி ஒரு கையை மட்டும் அதற்குள் நுழைத்துப் பார்த்தார். அந்தக் கையை வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"தங்கச்சி, இது குளிர்நாட்டுக்காரன் சட்டை. நம்ம பானாஸுக்கு, இந்த வெக்கைக்கு, நீதான் ஒண்ணு தச்சுக் கொடுக்கணும்" என்றார் கூட்டாளி, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

கித்தான் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். ஒரு சீனத் தவுக்கேயின் முதுகுக் கட்டியைக் கணவர் கீறிவிட்டதற்கு, மூடிக் கிடந்த தன் கடையின் அஞ்சடி நடைபாதையில் வெயிலுக்குத் தொங்கவிட்ட கித்தான் மறைப்பைக் கழற்றிக் கொடுத்தார் அவர். இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் கல்லில் அடித்து மெதுவாக்கினேன். நூலுக்கு அன்னாசி நார். தையல் மிஷினுக்கு ஊசி இரண்டே இரண்டு. உடைந்தால் வேறு ஊசி கிடைக்காது.

கான்வென்டில் எழுதிய தையல் நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'ஆளை நேராக நிற்க வைக்கவும். கைகள் உடலோடு தொங்கட்டும்.' அப்படியே செய்தேன். கணவரைச் சுவரோடு நிறுத்தி, தோள், நெஞ்சு, கை எல்லாவற்றையும் மூன்று தடவை அளந்தேன். வெட்டும் முன் நான்காவது தடவையும் அளந்தேன். சனிக்கிழமை மதியம் சட்டை முடிந்தது. போட்டு நின்றார். என்ன அழகு! தோளில் ஒரு சுருக்கம் இல்லை, மணிக்கட்டில் ஒரு நூல் கூடுதல் இல்லை. குழந்தைகூடத் தொட்டிலிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தது.

பிறகு அவர் வாசலுக்குப் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தார்.

சட்டையின் கை இரண்டும் சரசரவென்று ஏறி முழங்கைக்கு மேலே போய் நின்றன. முதுகுத் துணி இடுப்பை விட்டு ஒரு சாண் கிளம்பியது. கழுத்துப் பட்டி தொண்டையை நெரிக்க, நெஞ்சுப் பக்கம் பை மாதிரி உப்பியது. புதுத் தோல் மூடிய அந்த முழங்கை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த செட்டி வீட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல தலைமுறையாக இங்கேயே வாழ்ந்த குடும்பம்; அவளுக்குத் தமிழ் நாலு வார்த்தைதான், மிச்சமெல்லாம் மலாய். "அலாமா! உன் புருஷன் நின்னுக்கிட்டா மோட்டார் ஓட்டுறான்?" என்று மலாயில் கேட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. நோட்டில் இருந்தபடிதானே செய்தேன்? மிச்சத் துணி கூட்டாளிக்கு மட்டும்தான் போதும். அதில் எடுத்தால் அவர் தோல் போகும். எடுக்காவிட்டால் இவர் தோல் போகும்.

அந்த நேரத்தில்தான் கூட்டாளியும் வந்து சேர்ந்தார். இருவரையும் வாசலில் கிடந்த நீளப் பெஞ்சின் மேல் காலை இரண்டு பக்கமும் போட்டு முன்பின்னாக உட்கார வைத்து, ஆளுக்கொரு துடைப்பத்தைக் கைப்பிடியாகக் கொடுத்தேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். உட்கார்ந்த கணவருக்கு எல்லாமே நீளம்: முதுகு, கை. கூட்டாளிக்கு நீளமே வேண்டாம். வயிறு தொடையில் உட்கார, எல்லாம் அகலத்தில் போயிற்று.

"அண்ணே, விழுந்தா எங்க அடிபடும்?"

"எங்கயா? என் சைசுக்கு ரோட்டுக்குத்தான் அடிபடும்."

"விளையாடாதீங்க, சொல்லுங்க."

"தோளு, முழங்கை, முதுகு."

விலாவில் இல்லை! அக்குளில் இல்லை! அங்கே கித்தான் எதற்கு? அங்கேதான் வேர்வையும் ஊற்றுகிறது. கூட்டாளியின் அகலம் முழுவதையும் வேறு மெல்லிய துணியில் விட்டால், மிஞ்சும் கித்தான் கணவரின் கைக்கும் முதுகுக்கும் சரியாக இருக்கும். காற்றும் உள்ளே போகும். குழந்தையின் கொசுவலையை எட்டிப் பார்த்தேன். உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டேன். கொசு கடித்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்?

"வலைதானே வேணும்?" என்று கூட்டாளி எழுந்தார். அவர் வீடு உஜோங் பாசிரில், மீனவர்களுக்கு நடுவில். ஒரு மணி நேரத்தில் கிழிந்த இறால் வலையோடு திரும்பினார். நெருக்கமான பருத்தி வலை. எத்தனை அலசியும் இறால் வாசம் போகவில்லை.

ஞாயிறு முழுக்கத் தைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்து அக்கா என் குழந்தையைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, "டுடோக்! டுடோக்!" என்று அதட்டி ஆண்கள் இருவரையும் மறுபடி மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தாள். ஓர் ஊசி உடைந்தது. மற்றது தாங்கியது.

திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் கிளம்பினார்கள். கையை நீட்டியும் துணி மணிக்கட்டைத் தாண்டியே இருந்தது. தெருப் பூனைகள் மூன்று கூட்டாளியின் வண்டிக்குப் பின்னால் ஓடின.

"உன் தங்கச்சி உனக்குச் சட்டை தச்சாளா, பூனைக்குச் சோறு வச்சாளா?" என்று கணவர் கத்தியது சந்து முனை வரைக்கும் கேட்டது.

அன்று பகல் நான் எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. அக்குள் இறுக்கமாகிவிட்டதோ? வலை எதிலாவது மாட்டிக்கொள்ளுமோ? தோல் கோட்டையே போடச் சொல்லியிருக்க வேண்டுமோ?

நாலு மணிக்கு அந்தப் புகை நாற்றம் வந்தது. ஓடினேன். கணவரின் உடம்பெல்லாம் செம்மண். வலது முழங்கையில் கித்தான் தேய்ந்து, நார் நாராகத் தொங்கியது.

"விழுந்துட்டீங்களா?"

"கொஞ்சம் சாஞ்சேன்."

"பத்தடி சாஞ்சாரு, சரளையில" என்றார் பின்னால் வந்த கூட்டாளி.

கணவரின் கையைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளினேன். அவசரத்தில் ஒரு தையல் விட்டுப்போனது. முழங்கையில் ஒன்றுமில்லை. புதுத் தோல், காலையில் பார்த்த அதே மாதிரி, கொஞ்சம் வேர்த்து, முழுசாக இருந்தது. நான் அதைத் தடவினேன், மறுபடி தடவினேன். கூட்டாளி பக்கத்தில் நிற்பதுகூட மறந்துபோய் அதில் முத்தம் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவர் கால்சட்டையின் முழங்கால் கிழிந்திருப்பது கண்ணில் பட்டது. உள்ளே ஒரு சின்னச் சிவப்பு, நகத்தளவு. உப்புத் தண்ணீர் வைத்துத் துடைத்துக்கொண்டே மூலையில் கிடந்த கித்தான் துண்டுகளைக் கண்ணால் அளந்தேன்.

"இப்பத்தானே வந்தேன்" என்றார் அவர், என் பார்வையைப் பார்த்துவிட்டு.

"பேசாம அந்தப் பெஞ்சுல உட்காருங்க" என்றேன்.