கதவு கிடையாது, யாரும் வரலாம்

நேற்று மளிகைக் கடையிலிருந்து வந்த கொத்தமல்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். மல்லி வாசத்தை முந்திக்கொண்டு மை வாசம் வந்தது. எனக்கு அப்படித்தான். உள்ளே இருப்பதைப் பார்க்கும் முன் காகிதத்தை யார் அச்சடித்தது என்று பார்க்கிற புத்தி. இதற்காக வீட்டில் நான் வாங்காத வசவு இல்லை. காகிதம் ஒரு கும்பாபிஷேக நோட்டீஸ். நாகமலைக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவே இடிந்து கிடந்த சிவன் கோயிலைப் புதுப்பித்துவிட்டார்களாம். மல்லியைத் தட்டில் கொட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கோயிலுக்கு நாங்களும் ஒரு நோட்டீஸ் அடித்திருக்கிறோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரையில் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் எனக்குப் புரூப் திருத்தும் வேலை. எழுத்துக் கோர்ப்பவன் கருப்பையா, அவனியாபுரத்துக்காரன். மிஷின் ஓட்டுகிறவர் கோரிப்பாளையம் காதர் அண்ணன். அச்செழுத்துகளை மண்ணெண்ணெயில் கழுவுவோம். அதனால் நாங்கள் தின்ற முறுக்கிலும் மண்ணெண்ணெய்தான் மணக்கும். கொஞ்ச நாளில் அது இல்லாத முறுக்கு சப்பென்று இருந்தது.

திருவிழா நோட்டீஸ் எல்லாம் கருப்பையாவின் கைதான். 'பக்தகோடிகள் அனைவரும் வருக' என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கோர்ப்பான். ஆனால் கோயிலுக்குள் போக அவனுக்கு வழியில்லை. அவன் சாதிக்காரர்களை அந்தக் காலத்தில் வாசலோடு நிறுத்திவிடுவார்கள்.

"அம்புட்டுப் பேரையும் வாங்க வாங்கன்னு கூப்புடுறது நாந்தேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுண்ணே" என்றான் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், சிரித்துக்கொண்டே.

காதர் அண்ணன்தான் யோசனை சொன்னார். அவருடைய மாமியார் ஊருக்குப் போகிற வழியில் ஒரு பாழடைந்த கோயில் உண்டு. பாண்டியன் காலத்தது என்பார்கள். எந்தப் பாண்டியன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

"பூசாரி இல்ல, பூட்டு இல்ல, கதவே இல்லப்பா. ஆடுதேன் படுத்துக் கெடக்கு. ஒன்னய யாரு தடுக்கப் போறா?" என்றார் கருப்பையாவிடம்.

அன்று தொடங்கியது எங்கள் திட்டம். அமாவாசைதான் எங்களுக்கு விடுமுறை நாள். வாடகை சைக்கிள் இரண்டு. எனக்கு ஓட்டத் தெரியாது என்பதால் நான் பின்னால் உட்கார்ந்து வழி சொல்வதென்று முடிவாயிற்று. எனக்கு வழியும் தெரியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. புளிச்சோறு நான் கொண்டுவருவது. முட்டை கொண்டுவரலாமா என்று காதர் அண்ணன் கேட்டார். சாமி இல்லாத கோயிலுக்கு முட்டை ஆகுமா ஆகாதா என்று மூன்று பேரும் ஒரு வாரம் வாதாடினோம். கருப்பையாதான் கடைசியில் தீர்ப்புச் சொன்னான்: "மொத மொத போறேன். சுத்தமாவே போவோம்ணே."

உற்சாகம் தாங்காமல் அவன் எங்கள் பயணத்துக்கே ஒரு வரி கோர்த்தான்: 'கதவு கிடையாது, யாரும் வரலாம்.' என்னிடம் மட்டும் காட்டிச் சிரித்துவிட்டு, மேசைமேல் வைத்தான். பக்கத்தில், நான் புரூப் பார்த்து முடித்த ஒரு பெரிய கோயில் திருவிழா நோட்டீஸ் அச்சுக்குத் தயாராக இருந்தது. 'அனைவரும் வருக'வுக்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருக்கவே, இதுவும் அதைச் சேர்ந்ததுதான் என்று காதர் அண்ணன் இரண்டையும் ஒரே சட்டத்தில் சேர்த்து முடுக்கி, கட்டுக் கட்டாக அடித்துத் தள்ளிவிட்டார்.

காலையில் முதலாளி ஒன்றை எடுத்துப் படித்தார். பொடி போடப் போன கை மூக்கருகில் அப்படியே நின்றது.

"எவன்டா இதக் கோத்தது?"

"நாந்தேன் மொதலாளி."

மிஷின் நின்றுவிட்டது. கருப்பையாவின் வேலை போயிற்று, கோயிலும் போயிற்று என்று நினைத்தேன். முதலாளி இன்னொரு தடவை படித்தார். கருப்பையாவைப் பார்த்தார்.

"எழுத்துப் பிழை ஒண்ணுமில்ல" என்றார். "ஆனா கோயில்காரன் பாத்தான்னா என்னயக் கடையச் சாத்திட்டுப் போகச் சொல்லிருவான். அமாவாசைக்கு மூணு பேரும் வந்து திரும்ப அடிச்சுக் குடுங்க."

பாழான தாள் அத்தனையும் மளிகைக் கடைக்கு எடைக்குப் போயிற்று. ஒரு மாதம் ஊர் பூராவும் சீரகமும் மல்லியும் 'கதவு கிடையாது, யாரும் வரலாம்' என்ற காகிதத்தில் வீடு வீடாகப் போயின. எத்தனை வீட்டில் அதைப் படித்தார்களோ, எனக்குத் தெரியாது.

அந்த அமாவாசை திரும்ப அடிப்பதிலேயே போயிற்று; அதற்கடுத்த அமாவாசையன்று கோயிலுக்குப் போனோம். ஒரு சைக்கிளில் இரண்டு பேர் போனால் அபராதம் என்பதால், போலீஸ்காரர் தலை தெரியும்போதெல்லாம் நான் குதித்து இறங்கிப் பரம சாது மாதிரி நடந்தேன். கோபுரம் பாதிதான் நின்றது. சுவரில் ஆலஞ்செடி. கருப்பையா வரப்பிலேயே செருப்பைக் கழற்றினான். வாய்க்காலில் கால் கழுவினான். வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டான். தடுக்க ஆளே இல்லை. இருந்தும் அவன் கால் எழவில்லை.

இருட்டைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: "உள்ள வரலாமா?"

உள்ளே படுத்திருந்த ஆடு ஒன்று 'ம்மே' என்றது.

"வரச் சொல்லிருச்சுப்பா, போ!" என்றார் காதர் அண்ணன்.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் வௌவால்கள் பறந்தன. அந்தச் சிரிப்போடுதான் அவன் படி தாண்டினான். கருவறை வெறுமையாக இருந்தது. அதற்கு முன்னால் அவன் வெகுநேரம் கைகூப்பி நின்றான். நாங்கள் வெளியே இருந்தோம். புளிச்சோற்றைப் பிரிக்க எனக்கும் மனம் வரவில்லை.

பிறகு ஆலயப் பிரவேசம் வந்து பெரிய கோயில்களும் அவனுக்குத் திறந்தன. போனான், வந்தான். "மொதல்ல வரச் சொன்னது அந்த ஆடுதேண்ணே" என்பான். இன்று அவனும் இல்லை, காதர் அண்ணனும் இல்லை. அச்சுக்கூடம் இருந்த இடத்தில் பாத்திரக்கடை இருக்கிறது.

மல்லி ஒட்டிய நோட்டீஸைத் துடைத்துவிட்டு முழுதும் படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. தேக்கில் புதுக் கதவு போட்டிருக்கிறார்களாம். நடை திறக்கும் நேரம், சாத்தும் நேரம் எல்லாம் தெளிவாக இருக்கிறது. போய்ப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சாத்திய கதவுக்கு முன்னால் நின்று 'உள்ள வரலாமா' என்று கேட்டால், பதில் சொல்ல அந்த ஆடு இருக்காது.