நோட்டீசில் காணாமல் போன அரை

பை மாட்டிய இரண்டு பேர் ஸ்டேஷன் ரோட்டில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் கடையாக ஏறி இறங்குகிறார்கள் என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து சொன்னதும், நாங்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விளக்கை அணைத்தோம். கும்மிடிப்பூண்டியில் அப்போது டைப் அடித்து அச்சுக்குப் பக்கம் அமைத்துத் தரும் டிடிபி கடை வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். நாங்கள் பக்கம் கட்டப் பயன்படுத்திய சாஃப்ட்வேர் திருட்டு காப்பி. ரெய்டு வரும் கம்பெனி ஆட்களிடம் பிடிபட்டால் மிஷினையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பேச்சு இருந்தது. அந்த இரண்டு பேர் வாட்டர் ஃபில்டர் விற்க வந்தவர்கள் என்று மத்தியானம் தெரிந்தது. ஆனால் இருட்டில் உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரம், திருட்டு காப்பியே வேண்டாம் என்று முடிவெடுக்க எனக்குப் போதுமானதாக இருந்தது.

நாங்கள் என்றால் நானும் என்னோடு கூட்டு சேர்ந்து கடை வைத்த பெண்ணும். அவள் பழவேற்காட்டுக்காரி. அவள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கருவாடு, துணி என்று ஏதாவது ஒரு வியாபாரம். அவள் தமிழ் டைப் அடித்தால் விரல் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு வேகம். நான் பொன்னேரியிலிருந்து ரயிலில் வருவேன். எம்.எஸ்ஸி. படித்தபோது புராஜெக்ட் ரிப்போர்ட்டை லினக்ஸ் மிஷினில், டெக் என்ற சாஃப்ட்வேரில் கட்டியிருந்தேன். அது இலவசம். யாரும் வந்து கேட்க முடியாது. அதையே கடையில் போடுவோம் என்றேன்.

"ஓசியா எவன்க்கா குடுப்பான்? உள்ள எதையாவது வச்சிருப்பான்" என்றாள் அவள்.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து லினக்ஸைப் போட்டேன். அது முதலில் மானிட்டரைக் கண்டுகொள்ளவில்லை, பிறகு பிரிண்டரைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு பேக்கேஜைப் போடப் போனால் அது இன்னொன்றைக் கேட்டது. அந்த இன்னொன்று மூன்றாவது ஒன்றைக் கேட்டது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து சரசரவென்று ஓடும்போதெல்லாம் என் கூட்டாளி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். கடைசியாகத் தமிழ் எழுத்துருவையும் பொருத்தி, ஒரு பக்கம் வெளியே வந்தபோது, அவள் அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். "எழுத்து அழகாத்தான் கீது" என்றாள்.

டெக்கில் பக்கத்தை நேராகப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய முடியாது. மேட்டரை ஒரு ஃபைலில் அடிக்க வேண்டும். பிறகு அதை ஓட்டினால் பக்கம் தயாராகி வரும். அடித்தது வேறு இடம், வெளியே வருவது வேறு இடம். இதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. "நடுவுல இன்னா நடக்குதுன்னு நமக்குத் தெரியாதே" என்பாள்.

எங்களுக்கு மாதம் தவறாமல் வேலை கொடுத்தது தொழிற்பேட்டையில் இருந்த ஒரு ஸ்டீல் கம்பெனி. அங்கே ஆட்களின் லீவு, சம்பளம் எல்லாம் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் நல்ல உயரம், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. புது சாஃப்ட்வேர் என்றதும் அவர் உட்காரவே இல்லை.

"இது வெளிநாட்டுக்காரங்க எழுதினதா? எங்க மேட்டரை அவங்க படிக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

"இந்த மிஷினுக்கு டெலிபோன் ஒயரே கிடையாது சார், எதுவும் வெளியே போகாது" என்றேன்.

அவர் குனிந்து மிஷினுக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்து, ஒயர்களை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஒரு வருடம் ஓடியது. ஒரே ஒரு தொல்லை. வரி முடியும் இடத்தில் தமிழ்ச் சொற்கள் கண்ட இடத்தில் உடைந்தன. 'தொழிலாளர்' என்ற சொல்லில் கடைசி 'ர்' மட்டும் தனியாக அடுத்த வரியின் தலையில் போய் உட்காரும். புது வெர்ஷனில் அதைச் சரிசெய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பாரிமுனையில் ஒரு பிரவுசிங் சென்டரில் இறக்கி சி.டி.யில் எழுதி வாங்கி வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அப்டேட் செய்தேன். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டது. 'ர்' ஒழுங்காகத் தன் சொல்லோடு இருந்தது. எனக்கு சந்தோஷம்.

"நல்லா ஓடிக்கினு இருந்ததை ஏன்க்கா நோண்டின?" என்றாள் என் கூட்டாளி திங்கட்கிழமை.

அந்த வாரம்தான் ஸ்டீல் கம்பெனியில் யூனியனுக்கும் நிர்வாகத்துக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. பல மாதம் இழுத்த பேச்சு. பண்டிகை லீவு விஷயத்தில் தொழிலாளர்கள் எட்டு நாள் கேட்டார்கள், நிர்வாகம் ஏழு என்றது, ஏழரையில் வந்து நின்றது. அந்த அரை நாள் போகிக்கு. ஒப்பந்தம் ஆங்கிலத்தில். அதைத் தமிழில் நோட்டீசாக அடித்து ஷெட்டுக்கு ஷெட்டு ஒட்ட வேண்டும். ஆபீசர் மேட்டரைக் கொண்டுவந்தார். என் கூட்டாளி அடித்தாள். ஆபீசர் அடுத்த நாள் வந்து ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, கட்டாக வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து யூனியன் செயலாளர் கடைக்குள் வந்தார். ஃபர்னஸில் வேலை செய்பவர். ஒரு பக்கம் புருவமே இருக்காது. கையில் சுவரிலிருந்து பிய்த்த நோட்டீஸ், மூலையில் பசை காய்ந்திருந்தது. குரலை உயர்த்தாமல் அதை என் மேஜைமேல் வைத்தார்.

"படிம்மா."

லீவு வரியைப் படித்தேன். '7 நாட்கள்' என்று இருந்தது.

"அரை எங்க போச்சி?"

எனக்கு எதுவும் புரியவில்லை. என் கூட்டாளியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் அவள் என்னைச் சந்தேகப்பட்டாள், நான் அவளைச் சந்தேகப்பட்டேன்.

"நான் அடிச்சேன் அண்ணா. ஏழு போட்டு பக்கத்துல சின்னதா அரை போட்டேன்" என்றாள் அவள்.

"அப்ப யாரு எடுத்தது? அந்த ஆபீசரு எடுக்கச் சொன்னாரா? இங்கிலீஷ்ல அரை கீது. எங்க ஆளுங்க படிக்கிற தமிழ்ல மட்டும் இல்ல. ஷெட்டுல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? நான் டப்பு வாங்கிக்கினு வுட்டுட்டேனாம்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் அவர் குரல் தடுமாறியது. அவர் எங்களிடம் சண்டை போட வரவில்லை, தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வந்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது.

ஃபைலைத் திறந்தேன். அவள் அடித்த மேட்டரில் ஏழும் இருந்தது, பக்கத்தில் ½ என்று அரையும் இருந்தது. அவரைத் திரைக்கு அருகில் வரச் சொல்லிக் காட்டினேன். பிறகு அதே ஃபைலை அவர் முன்னாலேயே ஓட்டிப் பக்கத்தைத் திறந்தேன். ஏழு இருந்தது. அரை இல்லை.

"இது இன்னா கண்கட்டு?" என்றார்.

"நான் அப்பவே சொன்னேனே" என்றாள் என் கூட்டாளி, யாரையும் பார்க்காமல்.

புது ஃபைல் ஒன்று திறந்து, எழுத்து, எண், குறி என்று இருக்கிற எல்லாவற்றையும் வரிசையாக அடித்து ஓட்டினேன். எல்லாம் வந்தன. அரையும் காலும் முக்காலும் மட்டும் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடோ கட்டமோ கூட இல்லை. பக்கத்து எழுத்துகள் நெருங்கி உட்கார்ந்து இடைவெளியையும் மூடிவிட்டிருந்தன. அப்டேட் செய்தபோது எங்கள் தமிழ் எழுத்துருவை எடுத்துவிட்டு, அது தன்னுடையதை வைத்திருந்தது. அதில் அந்த மூன்று குறிகளும் கிடையாது. இல்லாத எழுத்தைக் கேட்டால் டெக் நிற்காது, திரையில் சத்தம் போடாது. அதை விட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடும்.

இதை அவருக்கு எவ்வளவு எளிதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிதாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேஜை ஓரத்தில் டெலிவரிக்கு வைத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் கணக்குக் கேள்வித்தாளை எடுத்தார்.

"இதையும் இதே மிஷின்லதான போட்ட?"

"ஆமாங்க."

"அப்டேட்டுக்கு அப்பாலதான?"

"ஆமா."

விரலை ஒரு கேள்வியின்மேல் வைத்தார். அங்கே அரை இருந்தது, தெளிவாக. "இஸ்கூல் பசங்களுக்கு அரை வருது. எங்களுக்கு மட்டும் வரலியா?"

கேள்வித்தாளில் இருந்தது கணக்கு முறையில் கட்டிய அரை: மேலே ஒன்று, நடுவில் கோடு, கீழே இரண்டு. மூன்றும் தனித்தனியாக வேறொரு எழுத்துருவிலிருந்து வருபவை, அதை அப்டேட் தொடவில்லை. நோட்டீசுக்கு அடித்தது ஒரே எழுத்தாக வரும் அரை. நான் சொன்னது உண்மைதான். ஆனால் சொல்லும்போதே என் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது. அவரையே நாற்காலியில் உட்கார வைத்தேன். இரண்டு விதத்திலும் அவர் கையாலேயே அடிக்கச் சொன்னேன். ஒற்றை விரலால் அடித்தார். ஓட்டினேன். ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை. திரும்பவும் அடித்தார். திரும்பவும் அப்படியே.

"சரி" என்று எழுந்தார். "உன்னை நம்பறேன்மா. மிஷினை நம்பல. அந்த ஆளையும் நம்பல. அவரைக் கூப்புடு."

ஆபீசருக்கு போன் செய்தோம். பைக்கில் வந்தார். நோட்டீசைப் பார்த்தார், "அட" என்றார். ஆங்கிலத்தில் இருக்கும்போது தமிழில் எடுத்து எங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டார். அதே கேள்வியை அவர் வரும் வழியிலேயே தயார் செய்திருந்த மாதிரி எனக்குப் பட்டது. செயலாளர் என் பக்கம் திரும்பினார். "இனிமே நம்பரு வேணாம். எழுத்துல போடும்மா" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

"எழுத்துலயா? 'ஏழரை நாட்கள்'னு ஷெட்டுக்கு ஷெட்டு ஒட்டறதா? சனி பிடிச்ச மாதிரி இருக்காது?" என்றார் ஆபீசர்.

"எங்களுக்குப் புடிச்சா புடிக்கட்டும் சார். போடுங்க."

'ஏழரை' என்றே போட்டோம். செயலாளர் ஒவ்வொரு தாளையும் தானே எண்ணி வாங்கிப் போனார், ஒட்டும்போதும் கூடவே நின்றாராம். அப்படியும் ஷெட்டில் பேச்சு அடங்கச் சில வாரம் ஆனது என்று பிறகு சொன்னார். முதலில் அரையை எடுத்துவிட்டு, மாட்டிக்கொண்டதும் திருப்பிப் போட்டார்கள் என்றுதான் பாதிப் பேர் நினைத்தார்களாம்.

அன்று இருவரும் போன பிறகு என் கூட்டாளி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "அக்கா, ப்ரூஃப் பாக்கறப்போ நீ பேங்க்குக்குப் போயிருந்தல்ல. அவரு அந்த லீவு வரிமேலயே விரலை வச்சிக்கினு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு."

"ஏன் அப்பவே சொல்லல?"

"எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கினு இருந்தீங்க. நானும் ஒண்ணு ஏத்திவுடணுமா?"

நான் அப்டேட்டை நீக்கவில்லை. பழைய எழுத்துருவை மட்டும் மறுபடி பொருத்தினேன். அதன்பின் எந்த அப்டேட் செய்தாலும், முன்னால் கட்டிய ஒரு பக்கத்தைத் திரும்ப ஓட்டி, பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எழுத்தின்மேல் எழுத்து உட்கார்ந்து இரண்டும் ஒரே கறுப்பாகத் தெரிந்தால்தான் அடுத்த வேலை.

அடுத்த வருடம் ஆபீசருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. விசிட்டிங் கார்டு அடிக்க எங்களிடமே வந்தார். ப்ரூஃபைக் கையில் வாங்கி, தன் போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக நகத்தால் தொட்டுப் படித்தார். பிறகு பின்கோடு. பிறகு இன்ஷியலுக்குப் பின்னால் இருக்கும் புள்ளி. ஒரு புள்ளி மங்கலாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். இப்படிப் படிக்கிற மனுஷன் அன்றைக்கு அந்த அரையைப் பார்க்காமலா இருந்திருப்பார் என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. என் கூட்டாளி மேஜைக்கு அடியில் என் காலை மெதுவாக மிதித்தாள். புள்ளியைச் சரிசெய்து கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, சென்னை வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.