பனியனில் விழுந்த கரிப்பொட்டு

வாள் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எங்கள் தீவில் ஹேடோ பக்கம் சாயங்காலம் சிலம்பம் சொல்லித்தரும் பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். ஆனாலும் வாத்தியாரம்மா. "கம்பு கைக்கு வந்தாத்தான் ஆன்ட்டி, வாள். அந்தக் காலத்துலயும் அப்படித்தான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். மரவாள்தான். சுவரில் சாய்த்து வைத்திருப்பாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் கம்பு சுற்றுவேன்.

அவள் வைக்கிற பரீட்சை இப்படி. கம்பு நுனியில் துணி சுற்றி, கரித்தண்ணீரில் முக்கிக்கொண்டு எதிரே நிற்பாள். நாம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தடுக்க வேண்டும். இடுப்புக்கு மேல் கரி படாமல் ஓர் ஆட்டம் தாங்கினால் வாள் கைக்கு வரும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்கு இது பிடித்துப்போனது. மார்க்கைச் சட்டையிலேயே பார்த்துக்கொள்ளலாமே.

வீட்டில் எனக்கு எதிராளி என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையரானவர். மின்னி பே கடற்கரைப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால், மழை விட்ட நேரமாகப் பார்த்து, மாப்புக் கட்டையோடு வந்து நிற்பார். ஒரு நாளும் அவர் அடி என்மேல் பட்டதில்லை. நான் தேறிவிட்டேன் என்று தெருவில் பாதிப்பேரிடம் சொல்லியும் வைத்தேன்.

பரீட்சையில் தோளில் ஒரு பொட்டு, நெஞ்சில் ஒரு பொட்டு, மூக்கு நுனியில்கூட ஒன்று.

"அரே ஆன்ட்டி, சுத்துறது நல்லாத்தான் சுத்துறீங்க. அடி வர்ற பக்கம் கம்பு போகலையே! வீட்டுல அங்கிள் உங்கள அடிக்கிறதே இல்லையா?"

கூடக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"வேணும்னேதான் விட்டீங்களா?"

"உன்னை அடிச்சிட்டு ராத்திரி சோத்துக்கு நான் எங்க போறது?"

"கடையில வாங்கித் தின்னுங்க. நாளையிலேர்ந்து நெஜமா அடிங்க."

அதற்குத்தான் காத்திருந்தவர் மாதிரி அடித்தார். கொட்டாங்கச்சிக் கரியை அவரே இடித்துக் கரைத்து வைப்பார். அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடிவிட்டு, துவைக்கும்போது நிதானமாகப் பார்ப்பேன். முதலில் கரியெல்லாம் தோளில் இருந்தது. பிறகு இடுப்புக்கு வந்தது. மழைக்காலம் முடிகிற சமயம் சட்டை சுத்தமாக இருந்தது. புடவையில் முழங்கால் பக்கம்தான் கரி. ஒரு நாள் அவர் அடியைத் தடுத்த என் கம்பு, அதே வேகத்தில் திரும்பிப்போய் அவர் வயிற்றில் பொட்டு வைத்துவிட்டது. அவர் குனிந்து பனியனைப் பார்த்தார்.

"அடியே! கிரேன்ல இத்தனை வருஷம் ஒரு அடி பட்டதில்லடி எனக்கு!"

அந்தப் பனியனைத் துவைக்கவே விடவில்லை. அடுத்த பரீட்சைக்கு அதைப் போட்டுக்கொண்டு கூடவே வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி வாத்தியாரம்மாவிடம் காட்டினார். "இதப் பாத்துக்கோம்மா, அப்புறம் இவளச் சோதி."

"அச்சா! அங்கிள் ஃபெயில்" என்று சிரித்தாள். "ஆன்ட்டி, வாங்க."

முழங்காலில் ஒன்று பட்டது. மேலே எதுவும் இல்லை. வாளை எடுத்து என் கையில் கொடுத்தாள். கம்பு மாதிரி இல்லை, ஒற்றைக் கையில் கனத்தது. முதல் வீச்சிலேயே மணிக்கட்டு மடங்கியது. "டீக் ஹை, சரி, நாளைக்கு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்றாள்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். "எனக்கும் ஒரு வாள் செய்யச் சொல்லணும். மாப்பு இனிமே தாங்காது" என்றார் வீட்டுக்காரர்.

"முதல்ல கம்பு கத்துக்கிட்டு வாங்க" என்றேன்.