ஞாயிற்றுக்கிழமை மட்டும் எரிந்த பல்ப்

போன வாரம் எங்கள் வீட்டு மிக்சி சம்பல் அரைத்துக்கொண்டிருந்தபோதே புகைந்து செத்தது. மனைவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். நான் போய் அதை மூடினேன். கருகிய செம்புக்கம்பியின் வாசம் லேசில் கிடைக்காது. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் ஆஸ்பத்திரி, கொஞ்சம் சுடுகாடு. மூக்கை விரித்துக்கொண்டு நின்றேன். "பைத்தியமா ஒங்களுக்கு?" என்றாள். கல்யாணமான நாள் முதல் அந்தக் கேள்விக்கு நான் பதில் தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஞாயிறுதோறும் இதே வாசம் எங்கள் பிள்ளைக்காம்பராவில் அடிக்கும். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை கொழுந்தும் இல்லை, குழந்தைகளும் இல்லை. மூத்திர வாடைக்கும் பால்மா வாடைக்கும் மட்டும் லீவு கிடையாது. அங்கே குட்டி நாற்காலிகளில், முழங்கால் தாடையில் இடிக்க, மூன்று பேர் உட்காருவோம். நான், பக்கத்துக் காம்பரா அக்கா, தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மெசின் பார்க்கும் என் கூட்டாளி.

எங்களுக்கு ஒரே சட்டம்தான். முடிந்த சாமானைக் கொண்டுவரக் கூடாது. பாதியில் கிடப்பதை நடுவில் வைக்க வேண்டும். மற்ற இரண்டு பேரும் "எது வரைக்கும் வந்துருக்கு?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். பிறகு மரியாதையில்லாமல் கிழித்துத் தொங்கவிடுவார்கள்.

அக்கா பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்த நூலில் புருசனுக்குப் புது ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். அதில் இடது கை மட்டும் வாரத்துக்கு வாரம் வளர்ந்தது.

"அத்தானுக்கு ஒரு கை மட்டும் இம்புட்டு நீளமாக்கா?"

"சாராயக் கிளாசு எட்டணும்ல. ஒன்னோட பனி எங்க வந்து நிக்கிது, அதச் சொல்லு."

என் சாமான் ஒரு நீள்கவிதை. மலையில் மூடுபனி இறங்குகிறது, அதற்குள்ளிருந்து ஒரு ரயில் வர வேண்டும். பனி இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது.

"அடுத்த பக்கத்துல கோச்சி வந்துரும்க்கா."

"போன மாசமும் அதத்தான் சொன்ன. பதுளக் கோச்சி கூட இம்புட்டு லேட்டு கெடையாது."

கூட்டாளியின் சாமானைத் தூக்கிவர முடியாது. நாங்கள்தான் அதனிடம் போக வேண்டும். வரிசையாகக் காம்பராக்கள் ஒட்டிக்கிடக்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றில், சைக்கிள் சில்லில் தகரத் துண்டுகளை அடித்து ஒரு சக்கரம் சுழலவிட்டிருந்தான். அது கழித்துப்போட்ட லொறி டைனமோ ஒன்றைச் சுற்றும். டைனமோவின் கம்பியை அவனே சுற்றி, கருக்கி, பிரித்து, மறுபடி சுற்றினான். அந்த வாசத்தைச் சட்டையில் சுமந்துகொண்டுதான் பிள்ளைக்காம்பராவுக்கு வருவான். அதிலிருந்து ஒரு வயர் கொய்யா மரங்களின் தோளில் ஏறி இறங்கி அவன் காம்பராவுக்குள் போய், ஒரு லொறி பல்பில் முடியும். ஆனி மாதத்து ஞாயிறொன்றில் அந்தப் பல்ப் எரிந்தபோது நாங்கள் மூன்று பேரும் அதன் கீழே போய்க் கூடினோம். பிறகு அக்கா, "கண்ணு கூசுது, ஒட்டடையெல்லாம் தெரியுது, அணைச்சுப்புடு" என்றாள்.

எங்கள் லயங்களுக்கு அப்போது கரண்ட் வரவில்லை. அவனுக்கு அந்தப் பல்ப் விளையாட்டும் இல்லை. பட்டிப்பொலப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவனுக்கு ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். பெண்ணுக்கும் இவன்மேல் விருப்பம். அவள் அப்பா, அந்தத் தோட்டத்துக் கங்காணி, ஒரே பிடியில் நின்றார். மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் குப்பி லாம்பு கவிழ்ந்து அவள் தோளிலிருந்து விரல் வரை வெந்துபோயிருந்தது. "மண்ணெண்ண வெளக்கு எரியிற வீட்டுக்கு இனி புள்ள குடுக்க மாட்டேன்." வீடு பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார். நல்ல நாளாம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கங்காணி தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐந்து மணிக்கே மலை இருட்டிவிட்டது. உள்ளே வடை, தேத்தண்ணி, கடன் வாங்கிய இரண்டு கதிரைகள், மூலையில் அவன் அம்மாவோடு நானும் எங்கள் பக்கத்துக் காம்பரா அக்காவும். கூட்டாளி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்விட்சைப் போட்டான்.

பல்ப் மெல்லச் சிவந்தது. சுருட்டு நுனி அளவுக்குச் சிவந்தது. அதோடு சரி.

கங்காணி கழுத்தை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். "இதான் வெளக்குங்களா, தம்பி?"

"சாமிக்குப் போட்டதா இருக்கும்" என்றார் அவர் அக்கா, அக்கறையாக.

கூட்டாளி ஆற்றங்கரைக்கு ஓடினான். நேரத்தைக் கடத்த நான் என் மூடுபனியை எடுத்து வாசித்தேன். கங்காணியின் அக்கா மூன்றாவது வரியில் கண்ணயர்ந்தார். கங்காணி வடையைத் தின்றபடி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அவன் ஆற்றோடு மேலே ஏறிப் பார்த்துவிட்டு, இடுப்பு வரை நனைந்து, காலில் அட்டை தொங்க, பின்வாசலில் வந்து நின்றான். தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணை மேலே இருக்கிறதே, அதன் தொட்டிக்கு வாரநாளெல்லாம் ராப்பகலாக ஆற்றைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை பின்னேரம்தான் அடைப்பார்களாம். வாரநாளில் அவன் ஸ்டோரில் கிடப்பான். சக்கரத்தைத் தொடுவது, எரித்துக்காட்டுவது, நாங்கள் வாயைப் பிளப்பது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. வேறு ஒரு கிழமையில் பல்பைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மூன்று மண்டைகளில் ஒன்றுக்குக்கூடத் தோன்றவில்லை.

"ஸ்டோர் லொறி பேட்டரிய எடுத்தாந்து கட்டிலுக்கடியில வச்சு எரிச்சுடுவோம்டா" என்றேன் காதுக்குள். "இன்னிக்குத் தப்பிச்சா போதும்."

அவன் அட்டையைப் பிடுங்கி எறிந்தான். "நாளைக்கு அந்தப் புள்ளதானடா இருட்டுல சோறாக்கணும்."

உள்ளே போய் அப்படியே சொன்னான். "வாரநாள்ல எரியாதுங்க. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் எரியும். இது எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். பகல்ல வடியிற தண்ணிய ஒரு தொட்டியில தேக்கி ராவைக்குத் தொறந்துவுட்டா தெனமும் எரியும். தொட்டி இன்னும் கட்டலைங்க."

கங்காணி வாயைத் துடைத்தார். எழுந்தார். வெளியே போகப்போகிறார் என்று அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்தார்.

"எங்க, காட்டுங்க பாப்போம்" என்றார்.

டோர்ச் வெளிச்சத்தில் எல்லோரும் ஏறினோம். சில்லு, வழிபிசகிய மாடு மாதிரி, நினைத்தபோது ஒரு சுற்றுச் சுற்றியது. கங்காணி குந்தி உட்கார்ந்து தகரங்களைத் தடவினார். "எதுக்குத் தம்பி கீழ கட்டப் போறீங்க? அந்தா, மேல, அந்தப் பாறைக்குப் பக்கத்துல கட்டுங்க."

"அங்க கட்டி ஒடைஞ்சா தண்ணி நேரா மாரியாத்தா கோயிலுக்குள்ளதாங்க போவும்" என்றாள் எங்கள் அக்கா.

"போவட்டும். ஆத்தா குளிச்சு எத்தன நாளாச்சோ."

"நீங்க சொல்ற எடத்துல மண்ணு நிக்காதுங்க, மாமா" என்றான் கூட்டாளி.

"மண்ணப் பத்தி எனக்கா சொல்றீங்க?"

"ஒங்க தோட்டத்து மண்ணு வேற. இது ஒரு மழைக்குக் கரையும்."

சண்டை பிடித்துக்கொண்டது. லயத்துக்கு இறங்கும்போதும் சண்டை, குளிர்ந்துபோன தேத்தண்ணிக்கு மேலேயும் சண்டை, ஸ்டேசனுக்குப் போகும் வழியெல்லாம் சண்டை. கங்காணி குடைக் கம்பியால் ரோட்டில் தொட்டி வரைந்தார். கூட்டாளி அதைக் காலால் அழித்து வேறொன்று வரைந்தான். அவர் அக்கா வடை மீதியை மடியில் கட்டிக்கொண்டு, "பொண்ணப் பத்தி ஒருத்தரும் பேசக் காணோம்" என்று என்னிடம் முணுமுணுத்தார். நான் அவனை விலாவில் குத்தினேன். அவன் தொட்டிக்கு எத்தனை மூடை சீமெந்து என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கோச்சி வந்து நின்றது. அவர்கள் ஏறிய பிறகுதான் அவனுக்கு நினைப்பு வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

"மாமா, பொண்ணு விசயம் ஒண்ணுமே சொல்லலீங்களே."

கங்காணி குடையை மடியில் கிடத்திவிட்டு வெளியே தலையை நீட்டினார்.

"நான் வர்றதுக்கு முந்தித் தொட்டியக் கட்டிப்புடாதீங்க, மாப்ள."